நெல் ரூம்

சாப்பாட்டு மேஜையில் உட்கார்ந்து ஒரே வருஷத்தில் 11 புத்தகங்களை பைண்டு செய்தேன். அதற்கென்று தனி அறை தயார் செய்ய ஆரம்பித்த பிறகு, எட்டு மாதத்தில் ஒன்றுகூடச் செய்யவில்லை. இந்தக் கணக்கை முதலில் போட்டவர் என் வீட்டுக்காரர். காபியை ஆற்றிக்கொண்டே, கிண்டலாகத்தான் சொன்னார். "ரூமுக்கு ஆன காசுல அந்தப் பதினோரு புஸ்தகத்துக்கும் தங்கத்துல அட்டை போட்டிருக்கலாம்." எனக்கும் சிரிப்பு வந்தது. ஆனால் அன்று ராத்திரி தூக்கம் வரவில்லை. செலவு 1,38,000 ரூபாய் என்பதற்காக இல்லை. வேலைக்காக அறை கேட்டேனா, அறைக்காக வேலையைச் சாக்காகச் சொன்னேனா என்று ஒரு கேள்வி உள்ளே புகுந்துகொண்டது. பல்லிடுக்கில் மாட்டிய பாக்குத் துண்டு மாதிரி, நாக்கு போய்ப் போய் அதையே தொட்டது.

விருப்ப ஓய்வு வாங்கும்வரை நான் அரசுப் பள்ளியில் தமிழாசிரியை. நூலகப் பொறுப்பும் என் தலையில்தான். நூலகம் என்றால் மூன்று இரும்பு பீரோ. ஒவ்வொரு கோடை விடுமுறைக்கும் முதுகு பிய்ந்த புத்தகங்களை இரண்டு கோணிப்பையில் கட்டி, கும்பகோணத்துக் கடைத்தெருவை ஒட்டிய ஒரு சந்தில் இருக்கும் பைண்டர் பாயிடம் கொண்டுபோவேன். அவருடைய கடை 6 அடிக்கு 8 அடி. தரையில் ஒரு கோரைப்பாய், முன்னால் ஒரு கடப்பைக் கல், வலப்பக்கம் பசை டப்பா, இடப்பக்கம் அவரைவிட உயரமாக அட்டைக் கட்டு. புத்தகத்தைக் கொடுத்துவிட்டு வந்துவிடலாம்தான். நான் நின்று பார்ப்பேன். நின்று பார்த்த வருஷங்கள் சேர்ந்து, ஓய்வு பெற்ற பிறகு "பாய், எனக்குக் கத்துக் குடுப்பீங்களா?" என்று கேட்கும் தைரியத்தைக் கொடுத்தன. "டீச்சருக்கே பாடமா?" என்று சிரித்தார். கடை வாசலில் ஒரு ஸ்டூல் போட்டுக்கொடுத்தார். அப்புறம் ஆறு மாதம், வாரத்துக்கு இரண்டு நாள்.

பாரம் பாரமாகத் தைப்பதை அவர் 'ஜூஸ் தையல்' என்பார். ரொம்ப நாள் அது பழச்சாறு என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன். ஒருநாள் கேட்டே விட்டேன். அரபியில் 'ஜுஸ்' என்றால் பாகம் என்றார். குர்ஆனை 30 ஜுஸ்களாகப் பிரித்திருக்கிறார்களே, அந்த ஜுஸ். அச்சகத்திலிருந்து வரும் பெரிய தாளை மடித்தால் 16 பக்கம், அது ஒரு பாரம். ஒவ்வொரு பாரத்தையும் நடுமடிப்பில் ஊசி கோத்து அடுத்ததோடு முடிந்துகொண்டே போனால் புத்தகம் எத்தனை வருஷமானாலும் பிரியாது, எங்கே திறந்தாலும் பணிவாகத் திறந்துகொள்ளும். இப்போது கடைகளில் வாங்கும் புத்தகங்கள் பெரும்பாலும் முதுகைச் சீவி, பசை தடவி, அட்டையை ஒட்டி அனுப்பப்படுபவை. அவற்றை மல்லாத்திப் பிடித்தால் 'டிக்' என்று ஒரு சத்தம் வரும். அந்தச் சத்தம் கேட்டால் பாய் முகம் சுளிப்பார், பக்கத்தில் யாரோ சொடக்கு எடுத்த மாதிரி.

கற்றுக்கொண்டதை வீட்டில் செய்யச் சாப்பாட்டு மேஜைதான் இருந்தது. காலை டிபன் முடிந்து துடைத்த பிறகு தொடங்கினால், மதியச் சாப்பாட்டுக்குத் தட்டு வைக்கும்வரை எனக்கு நேரம். அதற்குள் தைத்து, பசை போட்டு, எடுத்து வைத்துவிட வேண்டும். பசை ஒரு தனிக் கதை. மைதாவைத் தண்ணீரில் கரைத்து அடுப்பில் வைத்துக் கிண்டி, கண்ணாடி மாதிரி ஆனதும் இறக்கி, பூச்சி அரிக்காமலிருக்க ஒரு சிட்டிகை மயில்துத்தம் போட வேண்டும். மயில்துத்தம் விஷம். என் மாமியார் அதன் நீல நிறத்தைப் பார்த்த அன்றே சமையலறைக்கு 144 போட்டுவிட்டார். அடி கறுத்த ஓர் அலுமினியக் குண்டானை எனக்கென்று ஒதுக்கி, அதன் காதில் சிவப்புத் துணியைக் கட்டி, "இது இந்தப் பக்கம் வரக்கூடாது, நான் சொல்லிட்டேன்" என்று கொல்லைப்புறத்தில் கவிழ்த்து வைத்தார். அத்தை செய்தது நியாயம்தான். அந்த நியாயத்தைப் பிடித்துக்கொண்டுதான் நான் தனி அறை கேட்டேன்.

சும்மா கிடந்த அறை

எங்கள் வீட்டில் சும்மா கிடந்தது நெல் ரூம். என் மாமனாரின் அப்பா 1958இல் கட்டிய வீடு இது. மேற்குப் பக்கம் கடைசியாக, 9 அடிக்கு 11 அடியில், கூடத்தைவிட ஒன்றரை அடி உயரமான தரையோடு இருக்கும். கனத்த கதவு. எலி குடையாமலிருக்கக் கதவின் அடியில் தகரம் அடித்திருப்பார்கள். ஜன்னல் கிடையாது. மேலே கம்பிவலை போட்ட இரண்டு சின்னத் துவாரங்கள் மட்டும். உள்ளே நெல் கொட்டி வைக்கும் மரப் பெட்டியான பத்தாயம் ஒன்று நின்றது. தை, மாசியில் சம்பா அறுத்துக் காயவைத்த நெல் அதன் தலைவழியாக உள்ளே போகும், வருஷம் முழுக்கக் காலடியில் இருக்கும் சின்னக் கதவு வழியாக மரக்கால் மரக்காலாக வெளியே வரும். நான் கல்யாணமாகி வந்தபோது அதைப் பார்த்திருக்கிறேன். அந்த அறைக்குள் நுழைந்தால் மூக்கில் ஒரு சுணை ஏறும்.

பிறகு மெதுவாக அது காலியானது. அறுவடை இயந்திரம் வந்தது. காலையில் வயலில் நின்ற கதிர், மாலையில் டிராக்டரில் மூட்டையாக நேரே கொள்முதல் நிலையத்துக்குப் போனது. ஈரப்பதம் 17 சதவீதத்துக்கு மேல் இருந்தால் அங்கே தள்ளி வைப்பார்கள், அதுதான் கவலை. வீட்டுக்குக் கொண்டுவந்து, காயப்போட்டு, புடைத்து, கொட்டி வைக்கும் கவலை யாருக்கும் இல்லை. சாப்பாட்டுக்கு அரிசி கடையிலிருந்து 25 கிலோ பையில் வந்தது. நெல் விளைகிற வீட்டில் அரிசிப் பை வாங்குவதைப் பார்த்து அத்தை முதல் இரண்டு வருஷம் முணுமுணுத்தார், அப்புறம் அவரே கடைக்காரரிடம் பழைய அரிசி இருக்கிறதா என்று கேட்கத் தொடங்கினார். பத்தாயத்தைக் கழற்றிப் பலகைகளைச் சுவரோரம் சாய்த்தார்கள். அதன்மேல் உடைந்த கட்டில், பிள்ளைகளின் சைக்கிள், கல்யாணத்துக்கு வாங்கி மிச்சமான ஜமுக்காளம், ஓடாத மிக்சி மூன்று. ஆனாலும் வீட்டில் எல்லோருக்கும் அது நெல் ரூம்தான். "நெல் ரூமுல சைக்கிள் பம்பு இருக்கா பாரு" என்பார்கள்.

அந்த அறையை எடுத்துக்கொள்ளட்டுமா என்று கேட்டபோது அத்தை மறுக்கவில்லை. சாவியை எடுத்துக் கொடுத்தார். ஆனால் நான் கொத்தனாரை அழைத்துவந்து மேற்குச் சுவரில் சாக்பீஸால் நாலுக்கு நாலு கட்டம் போட்டதும் வந்து நின்றுகொண்டார்.

"நெல் ரூமுக்கு எதுக்கும்மா ஜன்னல்? நெல்லு என்ன வெளில வேடிக்கையா பாக்கப் போவுது?"

"இப்ப இதுல நெல்லு இல்லியே அத்தை."

"நெல்லு இல்லன்னா ரூமு மாறிடுமா?"

அப்போது அதைப் பழைய மனுஷியின் பிடிவாதம் என்றுதான் எடுத்துக்கொண்டேன்.

எட்டு மாதம்

என்னென்ன செய்தேன் என்று முழுதாகச் சொல்லப்போவதில்லை. வீட்டில் ஒரு அறையை இடித்துக் கட்டியவர்களுக்கு அது தெரியும், கட்டாதவர்களுக்குச் சொன்னாலும் புரியாது. கொத்தனார் வரும் நாளில் மணல் வராது, மணல் வந்தால் மழை வரும், மழை விட்டால் கொத்தனார் வீட்டில் கிரகப்பிரவேசம். ஜன்னல் திறந்தது. பழைய சுண்ணாம்புச் சுவரைச் சுரண்டி இரண்டு கை பட்டி அடித்து, பிரைமர் அடித்து, தந்த நிறத்தில் எமல்ஷன் அடித்தோம். எலக்ட்ரீஷியன் 6 பிளக் பாயின்ட் வைத்தார். பைண்டிங்குக்கு மின்சாரத்தில் ஓடும் கருவி ஒன்றும் என்னிடம் இல்லை. இருந்தாலும் 'பின்னால் தேவைப்படும்' என்று வைத்தேன். அந்த எட்டு மாதத்தில் நான் அதிகம் சொன்ன வார்த்தை இந்தப் 'பின்னால்' தான்.

மேஜைதான் மையம். ஆசாரி அளவெடுக்க வந்தபோது ஒரு கேள்வி கேட்டார். "நின்னு வேலை செய்வீங்களா, உக்காந்து செய்வீங்களா?" யோசிக்காமல் "நின்னு" என்றேன். நான் இரவெல்லாம் பார்த்த வெளிநாட்டு வீடியோக்களில் எல்லோரும் நின்றுகொண்டுதான் வேலை செய்தார்கள். தோல் ஏப்ரன், பெரிய ஜன்னல், ஜன்னலோரம் ஒரு செடி. 19 மில்லிமீட்டர் பிளைவுட்டில் 36 அங்குல உயரத்துக்கு ஒரு மேஜை வந்து இறங்கியது. வாழ்நாளில் ஒரு புத்தகத்தைக்கூட நான் நின்றுகொண்டு தைத்ததில்லை என்பது அந்த நிமிஷத்தில் நினைவுக்கே வரவில்லை. பாய் கடையில் ஸ்டூலில், வீட்டில் நாற்காலியில், பல நாள் கூடத்துத் தரையில் காலை நீட்டிக்கொண்டு. இதுதான் நான் அறிந்த பைண்டிங்.

சுவரில் துளை போட்ட பலகை ஒன்றை மாட்டி, அதில் கருவிகளைத் தொங்கவிட்டேன். ஒவ்வொரு கருவிக்கும் பின்னால் அதன் உருவத்தை மார்க்கரால் வரைந்து வைத்தேன், எடுத்தால் திரும்ப அதே இடத்தில் மாட்டுவதற்காக. மொத்தம் 14 கருவிகள். அதில் எனக்குப் பயன்படுத்தத் தெரிந்தவை ஐந்து. அந்த ஐந்தில் மூன்று சமையலறையிலிருந்து வந்தவை.

மழைக்காலம் வந்தது. ஐப்பசியில் மேற்குச் சுவரின் அடியில் பெயின்ட் கொப்புளம் கொப்புளமாக எழுந்தது. விரலால் குத்தினால் உள்ளே உப்பு மாவு. ஓதம். 60 வருஷத்துக்கு மேலாக இந்த அறையில் ஓதமே தெரிந்ததில்லையே என்றார் என் வீட்டுக்காரர். தெரியாமல் இருந்ததற்குக் காரணம் அந்தப் பழைய சுண்ணாம்புதான். சுண்ணாம்புப் பூச்சு மூச்சு விடும். மழையில் ஈரத்தைக் குடிக்கும், வெயிலில் விட்டுவிடும். அதன்மேல் நான் பிளாஸ்டிக் மாதிரியான பெயின்டை இழுத்து மூடிவிட்டதால் வெளியே வர வழியில்லாத ஈரம் பெயின்டைத் தள்ளிக்கொண்டு வந்தது. இதைப் பிற்பாடு படித்துத் தெரிந்துகொண்டேன். கொத்தனாரைக் குறை சொல்ல முடியாது, சுண்ணாம்பே போதும் என்று அவர் முதல்நாளே சொன்னார். தந்த நிறம் வேண்டும் என்று நின்றவள் நான்.

கார்த்திகையில் எல்லாம் முடிந்தது. முடிந்தபின் தினமும் காலையில் உள்ளே போவேன். மேஜையைத் துடைப்பேன். கருவிகளை நேராக்குவேன். பத்து மணிக்கு வெளியே வந்துவிடுவேன். தைக்க வேண்டிய புத்தகங்களா இல்லை? இருந்தன. வார இதழ்களில் வந்த தொடர்கதைகளைப் பக்கம் பக்கமாகக் கிழித்துச் சேர்த்து, வீட்டிலேயே சணல் கோத்துத் தைத்து வைப்பது எங்கள் அம்மா தலைமுறைக்கு ஒரு பழக்கம். அப்படி அம்மா தைத்தவை நாலு கட்டு. அவற்றைப் பிரித்து முறையாக பைண்டு செய்வதுதான் புது அறையின் முதல் வேலை என்று முடிவு செய்து ஜன்னலோரம் அடுக்கி வைத்திருந்தேன். முதல் வேலை என்பதால் தவறக்கூடாது, தவறக்கூடாது என்பதால் தொடவில்லை. ஒரு மாதம் கழித்துப் பார்த்தால், மேலே இருந்த கட்டின் முதல் பக்கம் மேற்கு வெயிலில் பீடி இலை நிறத்துக்கு வந்திருந்தது. மட்டமான மரக்கூழ்க் காகிதம், வெளிச்சம் பட்டால் மஞ்சளாகி நொறுங்கும். ஆசிரியையாக இருந்த காலத்தில் நூலக பீரோவை ஜன்னலோரம் வைக்கக்கூடாது என்று தலைமையாசிரியரிடம் சண்டை போட்டவள் நான்.

பாய் வந்த நாள்

தை பிறந்து ஒரு வாரம் இருக்கும். பாயை வீட்டுக்கு அழைத்தேன். அறையைக் காட்ட வேண்டும் என்ற பெருமை பாதி, அவர் வந்து ஏதாவது சொன்னால் கை ஓடும் என்ற நப்பாசை பாதி. சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வந்தார். பின்சீட்டில் கோணிப்பையில் ஏதோ கட்டியிருந்தது. அத்தை டீ போடச் சொன்னார்.

உள்ளே வந்தவர் வாசற்படியிலேயே நின்று பார்த்தார். "மாஷா அல்லாஹ், நல்லாருக்கு டீச்சர்" என்றார். சுவரில் தொங்கிய கருவிகளை ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டு வந்து, ஒன்றைத் தொட்டு, "இது எதுக்கு?" என்றார். எனக்கும் தெரியவில்லை. "செட்டுல வந்துது பாய்" என்றேன். தலையாட்டினார். மேஜையருகே போய் நின்றார், அது அவருடைய நெஞ்சுக்கு வந்தது. பாய் குள்ளமான மனிதர். மேஜைமேல் கையை வைத்துப் பார்த்துவிட்டு எடுத்துவிட்டார்.

அப்புறம் அவர் செய்தவற்றை வரிசை மாறாமல் சொல்கிறேன், ஏனென்றால் இன்றுவரை அதைத்தான் மனசுக்குள் ஓட்டிப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். முதலில் ஃபேனை நிறுத்தினார். பிறகு ஜன்னலை நோக்கிப் போய் இரண்டு கதவையும் சாத்திக் கொக்கி போட்டார். அறை பாதி இருட்டானது. கதவுப் பக்கம் கூடத்திலிருந்து வந்த வெளிச்சம் மட்டும் தரையில் ஒரு பாய் விரித்த மாதிரி விழுந்தது. அந்த வெளிச்சத்துக்கு வந்து, சுவரில் முதுகைச் சாய்த்து, தரையில் உட்கார்ந்துவிட்டார். சப்பணமிட்டு, சட்டைக் கையை மடித்துக்கொண்டு.

"வெயிலும் காத்தும் நமக்கு ஆகாது டீச்சர். அட்டைல பசை போட்டு வெச்சீங்கன்னா, வேகமா காஞ்சா அப்பளம் மாதிரி வளைஞ்சிக்கும். நிதானமா காயணும். இந்த ரூமு முன்னாடி என்னவா இருந்துது?"

அத்தை டீ எடுத்து வந்தவர் வாசலில் நின்று, "நெல்லு கொட்டி வெப்போம் பாய்" என்றார்.

"அதான பாத்தேன். ஒசரமான தரை. பொடிப்பொடியா ரெண்டு ஓட்டை. நெல்லுக்கு ஆகாததெல்லாம் பேப்பருக்கும் ஆகாதும்மா. ஈரம், எலி, பூச்சி, வெயிலு. ஆண்டவன் கணக்கா ரூமு குடுத்திருக்கான்."

அத்தை என்னைப் பார்க்கவில்லை. பார்க்காமல் இருந்ததுதான் அதிகமாகச் சுட்டது. டம்ளரைப் பாயின் கையில் கொடுத்துவிட்டு, "நாங்க பத்தாயத்துக்குள்ள நொச்சியும் வேப்பிலையும் போட்டு வெப்போம். அந்துப்பூச்சி அண்டாது" என்றார். பாய் உடனே, "புஸ்தகத்துக்கும் அதேதாம்மா. ராமபாணப் பூச்சி வராது" என்றார். தஞ்சாவூர் சரஸ்வதி மகாலில் சுவடிக்கட்டுகளுக்கு இடையே வசம்பு சேர்ந்த பொடி முடிச்சுகளை வைப்பார்கள் என்று நான் என் பங்குக்குச் சொன்னேன். அத்தைக்கு அது புது விஷயமாகவே படவில்லை. "வசம்புதான்? அதுவும் போடுவோம்" என்றார். இரண்டு பேரும் பத்து நிமிஷம் பூச்சிகளைப் பற்றிப் பேசினார்கள். நெல் காய்ந்ததா என்று பார்க்க ஒரு மணியைப் பல்லில் வைத்துக் கடித்தால் 'டக்' என்று உடைய வேண்டும் என்றார் அத்தை. பாய், பக்கத்தில் கிடந்த ஒரு தாளை எடுத்துக் காதருகே வைத்து ஆட்டினார். காய்ந்த தாள் சலசலக்கும், ஈரம் குடித்த தாள் துணி மாதிரி தொங்கும் என்றார். அந்தத் தாள் சலசலக்கவில்லை.

சரி, நம் அறையின் லட்சணம் தெரிந்துவிட்டது, இத்தோடு கிளம்பிவிடுவார் என்று நினைத்தேன். பாய் எழுந்துபோய் சைக்கிளிலிருந்து கோணிப்பையைத் தூக்கிக்கொண்டு வந்து, என் முன்னால் தரையில் இறக்கினார். உள்ளே சட்ட இதழ்கள். வக்கீல் அலுவலகங்களில் மாதாமாதம் வரும் தீர்ப்புத் தொகுப்புகளைச் சேர்த்து வைத்து, வருஷவாரியாக பைண்டு செய்து அலமாரியில் அடுக்குவார்களே, அவை. நீதிமன்றம் இருக்கிற ஊர்களில் பைண்டர்களுக்குச் சோறு போடுவது பெரும்பாலும் இந்த வேலைதான்.

"பன்னெண்டு வால்யூம். சிவப்பு ரெக்சின், கறுப்பு லேபிளு. எனக்குக் கண்ணுல புரை. வர்ற புதன்கிழமை ஆபரேசன். ஒரு மாசம் குனியக் கூடாதுங்கறாங்க. வக்கீலு அய்யாவுக்கு மாசிக்குள்ள குடுக்கறதா சொல்லியிருக்கேன்."

"பாய், நான் இதுவரைக்கும் வெளி வேலை செஞ்சதே இல்ல."

"தெரியும். வால்யூமுக்கு இவ்வளவுன்னு பேசியிருக்கேன், பாதி உங்களுது. பின்னெல்லாம் துரு புடிச்சிருக்கும், பாத்துப் பிடுங்குங்க. பிச்சிடாதீங்க."

டீயைக் குடித்தார். சுவரோரம் சாய்த்து வைத்திருந்த பத்தாயப் பலகைகள் மேல் அவர் கண் போயிற்று. அவற்றை விறகுக்கடைக்குப் போடலாமா, யாராவது பழைய சாமான் வியாபாரிக்குக் கொடுக்கலாமா என்று முடிவெடுக்காமல் நான் விட்டு வைத்திருந்தேன். விரல் கணுவால் ஒன்றைத் தட்டினார். "ஒன்றரை இஞ்சு. வளைவே இல்ல. இத வெச்சிக்கிட்டா பிரஸ்ஸு தேடிக்கிட்டு இருந்தீங்க?" உண்மைதான். பைண்டு செய்த புத்தகத்தை இறுக்கி அழுத்த, வார்ப்பிரும்பில் செய்த பழைய பிரஸ் ஒன்றுக்காக இரண்டு மாதம் அலைந்தேன், கேட்ட விலையில் ஒரு ஸ்கூட்டர் வாங்கலாம். பாய் அதற்குமேல் ஒன்றும் சொல்லவில்லை. அத்தையிடம் ஆபரேஷனுக்குத் துவா செய்யச் சொல்லிவிட்டு, சைக்கிளைத் தள்ளிக்கொண்டு போய்விட்டார்.

பன்னிரண்டு வால்யூம்

அன்று சாயங்காலமே தரையில் பாயை விரித்து உட்கார்ந்தேன். எட்டு மாதம் ஓடாத கை எப்படி ஓடியது என்று கேட்டால், பயம்தான். யாரோ ஒரு வக்கீல், பெயர்கூடத் தெரியாது, தன் அலமாரியில் பன்னிரண்டு புத்தக அகலத்துக்கு இடம் விட்டுக் காத்திருக்கிறார். கண்ணில் கட்டோடு படுத்திருக்கப் போகிற பாய், வாக்குக் கொடுத்திருக்கிறார். இதில் என் அறை அழகாக இருக்கிறதா, என் மனநிலை கூடி வந்ததா என்பதையெல்லாம் யார் கேட்கப் போகிறார்கள்? அம்மாவின் தொடர்கதைக் கட்டுகளைத் தொடாமல் வைத்திருந்ததற்கும் காரணம் இப்போது புரிகிறது. அவற்றுக்காக யாரும் காத்திருக்கவில்லை. அம்மா போய் ஒன்பது வருஷமாகிறது.

துருப்பிடித்த பின்னைப் பிடுங்குவது பார்ப்பதற்குச் சின்ன வேலை. மொண்ணைக் கத்தியின் முனையைப் பின்னின் காலுக்கு அடியில் நுழைத்து, நெம்பாமல், மெதுவாக மேலே நிமிர்த்த வேண்டும். நெம்பினால் தாளோடு வந்துவிடும். ஒரு கால் நிமிர்ந்ததும் இன்னொன்று. பிறகு இதழைத் திருப்பி முதுகுப் பக்கமிருந்து இழுத்தால், பழுப்பு நிறத்தில் இரண்டு புள்ளிகளை விட்டுவிட்டு அந்தப் பின் வெளியே வரும். அந்தப் புள்ளிகள் போகாது. ஒரு இதழுக்கு இரண்டு பின், ஒரு வால்யூமுக்கு 12 இதழ், ஆக 24 பின். பன்னிரண்டு வால்யூமுக்கு 288. ஒரு ஊறுகாய் பாட்டிலில் போட்டு வைத்திருக்கிறேன், குலுக்கினால் ஏதோ கொலுசு மாதிரி சத்தம் வருகிறது. முதல் வால்யூமில் நாலு இதழின் நடுத்தாளைக் கிழித்தேன். மெல்லிய தாளில் பசை தடவி உள்பக்கம் ஒட்டித் தேற்றினேன். ஐந்தாவது வால்யூமிலிருந்து கிழியவில்லை.

மேஜையின் காலை ஆசாரியைக் கூப்பிட்டு அறுக்கச் சொல்லலாமென்று இருந்தேன். இன்னும் சொல்லவில்லை. இப்போது அதன்மேல் அட்டைகள், ரெக்சின் சுருள், டீ டம்ளர் எல்லாம் இருக்கின்றன. வேலை மேஜைக்கு அடியில் நடக்கிறது. 'பின்னால்' வைத்த ஆறு பிளக்கில் ஒன்றில் கொசு விரட்டி, இன்னொன்றில் என் பேரன் வந்தால் செல்போன். ஜன்னலின் கீழ்ப்பாதிக் கதவை நிரந்தரமாகச் சாத்திவிட்டேன், மேல்பாதியில் பழைய வேட்டி ஒன்றை மடித்துத் தொங்கவிட்டேன், காலை நேரத்து வெளிச்சம் வடிகட்டி வருகிறது. மேற்குச் சுவரின் பெயின்டைச் சுரண்டிச் சுண்ணாம்பு அடிக்க வேண்டும், சித்திரை வெயிலில் சுவர் நன்றாகக் காய்ந்த பிறகு. கருவிப் பலகையில் ஒன்பது கருவிகளின் உருவங்களுக்கு மேலே அவை அப்படியே தொங்குகின்றன, மற்ற ஐந்துக்கும் பின்னாலிருந்த உருவங்கள் மட்டும் வெறுமையாகத் தெரிகின்றன. அந்த ஐந்தும் எப்போதும் தரையில் கிடப்பதால்.

ஏழாவது வால்யூமில் ஒரு தப்பு செய்தேன். அட்டைக்குக் காகித நார் ஓடும் திசை பார்க்காமல் வெட்டிவிட்டேன். நார் புத்தகத்தின் நீளவாட்டில் ஓட வேண்டும். குறுக்கே ஓடினால் பசையின் ஈரத்தில் அட்டை இழுத்துக்கொண்டு வளையும். தெரிந்த விஷயம்தான், அவசரத்தில் விட்டுவிட்டேன். மறுநாள் காலையில் அது ஓடம் மாதிரி மல்லாந்து கிடந்தது. அட்டையைப் பிரித்துப் புதிதாகப் போட்டேன். ரெக்சின் வீணானது என் பங்கிலிருந்து. பாயிடம் சொல்லவில்லை, ஆனால் அவருக்குத் தெரிந்துவிடும். புத்தகத்தைக் கையில் வாங்கியதும் முதலில் கட்டை விரலால் அட்டை ஓரத்தைத்தான் தடவிப் பார்ப்பார்.

அட்டை போட்டுப் பசை தடவிய புத்தகங்களை ராத்திரி முழுக்கப் பாரம் ஏற்றி வைக்க வேண்டும். பத்தாயப் பலகை ஒன்றைக் கீழே போட்டு, மூன்று வால்யூமை அடுக்கி, மேலே இன்னொரு பலகை. அதன்மேல் அம்மிக்கல்லை ஏற்றினேன். அது ஒரு பக்கமாகச் சாய்ந்து, ஒரு வால்யூமின் மூலையை நசுக்கப் பார்த்தது. அத்தை வாசலிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தார். ஒன்றும் சொல்லாமல் போனார். கொஞ்ச நேரத்தில் கூடத்தில் எதையோ தரையில் இழுக்கும் சத்தம். போய்ப் பார்த்தால், அன்று காலையில் கடையிலிருந்து வந்து இன்னும் பிரிக்காத 25 கிலோ அரிசிப் பையை இரண்டு காதையும் பிடித்து இழுத்துக்கொண்டு வருகிறார்.

"கல்லு ஒரே எடத்துல அமுக்கும். இது பரவி உக்காரும். ஒரு கை புடி."

இரண்டு பேருமாகத் தூக்கி, பலகைமேல் படுக்கப் போட்டோம். அத்தை பையின் மேல் நாலு தட்டு தட்டி, அரிசியை மூலைகளுக்கு ஒதுக்கி மட்டமாக்கினார்.

"நாளைக்கு உலை வெக்க இதுலேர்ந்துதான் எடுக்கணும். அதுக்குள்ள காஞ்சிடுமா?"

"காலைல ஆறு மணிக்கு எடுத்துக்கலாம் அத்தை."

"ஆறு மணின்னா ஆறு மணி" என்று சொல்லிவிட்டு, விளக்கை அணைத்து, தகரம் அடித்த கதவைச் சாத்திக்கொண்டு போனார்.